ஹார்ட் டிஸ்க்குக்குப் பால் காய்ச்சியது

இடமில்லை என்று என் கம்ப்யூட்டர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. முதலில் திரையின் மூலையில் பணிவாகச் சொன்னது. பிறகு சிவப்புக் கோடு போட்டுக் காட்டியது. கடைசியில், சங்கத்துப் பெண்கள் சாமைக் கொல்லையில் களை எடுக்கும் படம் ஒன்றைச் சேமிக்கப் போனபோது, முடியாது என்று முகத்துக்கு நேரே மறுத்துவிட்டது. என்னை அவ்வளவு தெளிவாக மறுத்தவர்கள் அதற்கு முன் இரண்டே பேர். ஒருவர் வேலூரில் நான் பிழை திருத்திக்கொண்டிருந்த அச்சகத்தின் முதலாளி. இன்னொருவர் என் மனைவி.

அச்சகம் மூடப்பட்டதும், பள்ளி ஆசிரியையான மனைவிக்கு ஜமுனாமரத்தூருக்கு மாற்றல் வந்ததும் ஒரே கோடையில் நடந்தன. அவள் வேலைக்கு மலையேறினாள். நான் அவளுடைய சாமான்களில் ஒன்றாக ஏறினேன். எழுத்துப்பிழை கண்டுபிடிப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாத ஒரு மனிதனுக்கு மலையில் என்ன வேலை இருக்கும் என்று எல்லோரும் யோசித்தார்கள். சாமை விளைவிக்கும் பெண்களின் சங்கம் ஒன்றுதான் யோசிக்காமல் கூப்பிட்டது.

வேலை இதுதான். சங்கத்தைச் சேர்ந்த கொல்லைகளில் யூரியா, பூச்சி மருந்து எதுவும் படக் கூடாது. எந்தக் கொல்லையில் எந்த நாளில் உழுதார்கள், விதைத்தார்கள், என்ன எரு போட்டார்கள் என்று மாதாமாதம் எழுதி, படமும் வைக்க வேண்டும். இப்படி மூன்று வருஷத்துக்கு எழுதிவைத்தால், ஆய்வாளர் ஒருவர் வந்து பார்த்து, இயற்கை விளைச்சல் என்று சான்று கொடுப்பார். சான்று இருந்தால் அவர்களுடைய சாமை தனிப் பெயரோடு மலையிறங்கும். இல்லையென்றால் அடிவாரத்தில் எல்லாச் சாமையோடும் ஒரே குவியலில் கொட்டப்படும். மூன்றில் ஒரு வருஷம் குறைந்தாலும் சான்று இல்லை.

சங்கத்தின் தலைவி என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். என்னைத் தம்பி என்பார், நானும் அக்கா என்பேன். முதல் வருஷம் முழுக்க அவரே நீளமான நோட்டில் எழுதிவைத்திருந்தார். ஒவ்வொரு எழுத்தும் நாற்று நட்டதுபோல் இடைவெளி விட்டு நிற்கும். நான் வந்து சேர்ந்த உற்சாகத்தில் அந்த நோட்டை நிறுத்தினேன். நோட்டை எலி கடிக்கும், கூரை ஒழுகி நனையும், கம்ப்யூட்டரில் போட்டுவிடலாம் என்றேன்.

"கம்ப்யூட்டர இன்னா கடிக்கும்?" என்று கேட்டார்.

"அத எதுவும் கடிக்காது அக்கா."

இந்தப் பதிலை நான் சொன்ன தோரணையை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

அதற்குப் பிறகு சந்தை நாள்தோறும் பெண்கள் கூடையோடு என் வீட்டுக்கு வந்தார்கள். தலைவி ஒவ்வொருவரையும் என் எதிரில் நிறுத்துவார். அவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். சங்கத்தின் போனில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும், அடுத்த மாதப் படங்களுக்கு இடம் வேண்டும் என்று போனிலிருந்து அழித்துவிடுவேன். இப்படி இரண்டு வருஷம். கம்ப்யூட்டர் என்னுடையது. அதில் பாதி சங்கத்துப் படங்கள். மீதிப் பாதி, ஸ்கேன் செய்யப்பட்ட பழைய புத்தகங்கள். உரைகள், அகராதிகள், நின்றுபோன பத்திரிகைகளின் தொகுப்புகள். அவற்றை நான் படித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் இந்தக் கட்டுரைக்கு ஒரு கௌரவம் கிடைக்கும். படிக்கவில்லை. சேர்த்துக்கொண்டிருந்தேன்.

"அதயெல்லாம் அழிச்சா எடம் வந்துடும் இல்ல?" என்றாள் மனைவி.

"எத?"

"நீங்க படிக்காதத."

அது முடியாது என்று நான் விளக்கினேன். சில புத்தகங்கள் வேறு எங்கும் கிடைக்காதவை என்றேன். உங்ககிட்ட கெடைச்சி இன்னா ஆச்சி என்று கேட்டுவிட்டு அவள் பள்ளிக்குப் போனாள். அவளுடைய கேள்விகள் எப்போதும் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வருவதால் பதில் சொல்ல எனக்கு வாய்ப்பே அமைவதில்லை.

தலைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். இடம் போதவில்லை, இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கிப் பெட்டிக்குள் மாட்டினால் சங்கத்து எழுத்தெல்லாம் தனியாக இருக்கும் என்றேன்.

"அதாவது இத்தினி நாளா நாங்க உன் வூட்ல ஒண்டிக் குடித்தனம் இருந்தோம். இப்ப எங்களுக்குன்னு தனியா ஒரு வூடு."

"அப்படித்தான் வெச்சிக்குங்களேன்."

அப்படியே வைத்துக்கொண்டார். அந்த உவமைக்கு நான் தலையாட்டியிருக்கக் கூடாது. சங்கம் கூடி, டிஸ்க் வாங்கத் தீர்மானம் போட்டது. பஞ்சாங்கம் பார்த்து, வெள்ளிக்கிழமை காலை, பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் குடிபோய்விட வேண்டும் என்றும் அதே தீர்மானத்தில் சேர்த்துக்கொண்டது.

வேலூரில் நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர் வாணியம்பாடிக்காரர். நான் அச்சகத்தில் இருந்த காலத்திலிருந்து தெரியும். டிஸ்க்கை ஒரு கைக்குழந்தையைப் போல இரண்டு கையாலும் நீட்டினார்.

"சார், பஸ்ல மடியிலயே வெச்சிக்கினு போங்க. கீழ வெக்காதீங்க. மாட்டுனதும் முழு ஃபார்மட் போடுங்க. குயிக் ஃபார்மட் வாணாம். நாலஞ்சி மணி நேரம் ஆவும், ஆவட்டும். ஒரு நாள் சும்மா ஓட உட்டுப் பாத்துட்டு அப்பறம் ஃபைல் போடுங்க. காப்பி போடுங்க, பழசுல இருக்கறத உடனே அழிக்காதீங்க."

"எனக்குத் தெரியாதா பாய்?"

"தெரியும் சார். தெரிஞ்சவங்கதான் எங்கிட்ட அழுதுக்கினு வர்றாங்க."

அவர் சொன்னது நான்கு விஷயம். நான்கையும் வரிசை தவறாமல் மீறினேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அது. மலையேறும் பஸ் முழுக்கப் பூசணிக்காய். அடிவாரம் வரை டிஸ்க் என் மடியில்தான் இருந்தது. அங்கே இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் ஏறினார். பெரிய பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, சின்னதை ஒரு வார்த்தையும் கேட்காமல் என் மடியில் வைத்தார். மடி ஒன்றுதான் இருந்தது. டிஸ்க் பையோடு காலடிக்குப் போனது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் யாருடைய பூசணிக்காயோ மூட்டையிலிருந்து விடுபட்டு, பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமும் அடுத்த வளைவில் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமும் உருண்டது. என் பையை அது எத்தனை தடவை சந்தித்தது என்று தெரியாது. பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தது. நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்குத் தலைவியும் இன்னும் இரண்டு பெண்களும் பாலோடு வந்துவிட்டார்கள். பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி பாலை அடுப்பில் ஏற்றினாள். முந்தின நாளே டிஸ்க்கை மாட்டிச் சோதித்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். நல்ல நாளுக்கு முன்னாடி உள்ள வெக்காதே என்று தலைவி சொல்லியிருந்ததால் அது என் மேசைமேல் பொட்டலமாகவே காத்திருந்தது.

கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே இரண்டு வருஷத்துப் புழுதி, மின்விசிறியில் ஒரு சிலந்தி வலை, மூலையில் இரண்டு பல்லி முட்டை.

"வூடு இவ்ளோ குப்பையா இர்ந்தா யாரு குடிவருவாங்க?" என்றார் கூட வந்தவர்களில் ஒருவர். என் வீட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். விளக்குமாறு மதர்போர்டை நெருங்குவதற்குள் பிடுங்கிக்கொண்டேன். தலைவி புது டிஸ்க்கின் மூடியில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். பச்சைப் பலகைப் பக்கம் வேண்டாம் அக்கா, உலோகத்தில் மட்டும் வையுங்கள் என்று கெஞ்சினேன். பிழை திருத்துபவன் செய்யக்கூடிய அதிகபட்சப் பகுத்தறிவுப் பிரச்சாரம் அவ்வளவுதான்.

டிஸ்க்கை அதன் தட்டில் நுழைத்தேன். நான்கு திருகாணி போட வேண்டிய இடத்தில் இரண்டுதான் பொருந்தின. ஒரு கேபிளை மதர்போர்டிலும், இன்னொன்றை மின்சாரப் பெட்டியிலும் செருகினேன். பொத்தானை அழுத்தியதும் புது டிஸ்க் திரையில் வந்தது. பெண்கள் அதைப் பார்த்து, ஊரில் புதிதாகக் கட்டிய வீட்டைப் பார்ப்பதுபோல் தலையசைத்தார்கள். முழு ஃபார்மட்டா, குயிக் ஃபார்மட்டா என்று கம்ப்யூட்டர் கேட்டது. மணி ஒன்பது ஆகப்போகிறது. முழு ஃபார்மட் போட்டால் ராகு காலம் வந்து, போய், நாங்கள் மதியச் சாப்பாடும் முடித்திருப்போம். குயிக் என்றேன்.

அடுத்து, சங்கத்துக் கோப்புகளை நகல் எடுக்கப் போனேன்.

"நகலுன்னா?"

"இங்கயும் இருக்கும், அங்கயும் இருக்கும் அக்கா."

"குடித்தனம் மாறிப் போறவங்க சாமான இங்கயும் வெச்சி அங்கயும் வெப்பாங்களா? ஒரு குண்டூசி உடாம எடுத்துக்கினு போய்டணும் தம்பி. அப்பதான் உனக்கும் எங்களுக்கும் மனஸ்தாபம் வராது."

அவர் குரலில் பிடிவாதம் இல்லை. இவ்வளவு நாள் இடம் கொடுத்தவனுக்கு வீட்டைச் சுத்தமாகக் காலிசெய்து கொடுக்க வேண்டும் என்கிற மரியாதை. நான் விளக்கியிருக்கலாம். விளக்க எனக்கு நேரமில்லை என்று அப்போது நினைத்தேன். உண்மையில், காலியாகப்போகும் இடத்தை நினைத்து எனக்குள் ஒரு சின்ன ஆசை ஊறிக்கொண்டிருந்தது. கட் செய்து பேஸ்ட் செய்தேன்.

ஒரு மணி நேரம் மீதம் என்றது கம்ப்யூட்டர். பிறகு மூன்று மணி நேரம் என்றது. பிறகு பன்னிரண்டு நிமிஷம் என்றது. பத்து இருபதுக்கு முடிந்தது. பாலில் சர்க்கரை போட்டு எல்லோரும் குடித்தோம். நடு நடுவே பெட்டிக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. பல்லி என்றார் ஒருவர். நல்ல சகுனம் என்றார் இன்னொருவர்.

அவர்கள் போனதும் நான் செய்ததைத்தான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற பேராசிரியர், ஸ்கேன் செய்த புத்தகங்கள் நிறைந்த சின்ன டிஸ்க் ஒன்றை எனக்கு இரவல் கொடுத்து மாதக்கணக்காகிவிட்டது. திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தார். நகலெடுக்க என்னிடம் இடமில்லை. இப்போது இடமிருந்தது. புது டிஸ்க்கில் இன்னும் அதிக இடமிருந்தது. ஆனால் அது சங்கத்துச் சொத்து. பொதுச் சொத்தில் என் சொந்தப் புத்தகங்களை வைப்பது ஒழுக்கமாகாது என்று தீர்மானித்து, எல்லாவற்றையும் என்னுடைய பழைய டிஸ்க்கில், சங்கம் காலிசெய்துவிட்டுப் போன இடத்தில் கொட்டினேன். வாழ்க்கையில் நான் கறாரான நேர்மையோடு நடந்துகொண்ட சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

திங்கட்கிழமை, வெள்ளிக்கிழமை வரப்போகும் ஆய்வாளருக்காக எல்லாவற்றையும் அச்செடுக்க உட்கார்ந்தேன். புது டிஸ்க் திரையில் இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன். வேறு துளையில் மாட்டினேன். பெட்டிக்குள் 'டிக், டிக், டிக்' என்று சீராகச் சத்தம் வந்தது. பல்லிகள் அவ்வளவு ஒழுங்காக ஒலிப்பதில்லை.

சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்த அந்த டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, மொத்தக் கம்ப்யூட்டரையும் சாக்கில் கட்டி, அடுத்த பஸ்ஸில் வேலூருக்கு இறங்கினேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் மடியிலேயே வைத்திருந்தேன்.

கடைக்காரர் புது டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுத்து, அதைக் காதருகே வைத்துக் கேட்டார்.

"தலை போய்டுச்சி சார். உள்ள படிக்கிற ஊசி. இன்னா செஞ்சீங்க?"

"பஸ்ஸில்..." என்று ஆரம்பித்துப் பூசணிக்காய் வரை வந்தேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். அதற்காக அவரை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

"பெங்களூருக்கு அனுப்பறேன். ரெண்டு மாசம் ஆவும். உள்ள தகடு கீறியிருந்தா ஒண்ணும் வராது." (அனுப்பினார். ஒன்றும் வரவில்லை.) "சரி, அத உடுங்க. கட் பண்ணீங்க இல்ல, பழைய டிஸ்க்குல இருந்து மொத்தமும் எடுத்துடலாம். அழிஞ்சதுன்னு கம்ப்யூட்டர் சொல்லும், ஆனா அங்கயேதான் இருக்கும். அது மேல வேற எதுவும் எழுதாம இருந்தா போதும்." நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "அல்லா. எழுதிட்டீங்களா?"

"புத்தகங்கள்" என்றேன்.

மத்தியானம் முழுக்க அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். இழந்த கோப்புகளைத் தேடும் மென்பொருள் ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்தது. இந்த வருஷத்துக் கோப்புகள் அனேகமாக முழுசாக வந்தன. முதல் வருஷம் தலைவியின் நோட்டில் பத்திரமாக இருந்தது. இரண்டாம் வருஷம் அப்படி வரவில்லை. கோப்புகளின் பெயர்கள் இருந்தன, திறக்கவில்லை. சில படங்கள் பாதி திறந்தன. மேலே மேகமூட்டமும், ஒரு பெண்ணின் தலையில் கட்டிய துண்டும். அதற்குக் கீழே, சாமைப் பயிர் இருந்திருக்க வேண்டிய இடத்தில், வெறும் சாம்பல் நிறம்.

"இந்த எடத்துலதான் சார் உங்க புஸ்தகம் ஒக்காந்துக்கினு இருக்குது" என்று விரலை வைத்துக் காட்டினார்.

இரண்டாம் வருஷம் மற்ற வருஷங்களைப் போன்றது அல்ல. அந்த ஆவணியில் மழை விடாமல் பெய்து, மண் கரைந்து, பயிர் மஞ்சளாகிப் போனது. ஒரு மூட்டை யூரியா போட்டால் பச்சை திரும்பிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். தலைவி கொல்லை கொல்லையாக நடந்து, வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கொழுந்தன் மட்டும் கேட்கவில்லை, போட்டுவிட்டார். அவரைச் சங்கத்தைவிட்டு நீக்குகிற தீர்மானத்தைத் தலைவியே சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். ஒரே வாசலில் இரண்டு அடுப்பு எரிகிறது அன்றிலிருந்து. பேச்சு இல்லை. அந்த வருஷத்தைத்தான், அத்தனை வருஷங்களிலும் அதைத்தான், நான் ஒரு அகராதியால் மூடியிருந்தேன்.

புதன்கிழமை சந்தை. தலைவி சாமை மூட்டைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து படியால் அளந்துகொண்டிருந்தார். புது டிஸ்க் செத்துப்போனது என்றும், இரண்டாம் வருஷம் கிடைக்கவில்லை என்றும் சொன்னேன். படி பாதியில் நின்றது.

"எதுவும் கடிக்காதுன்னு சொன்னே."

"சொன்னேன்."

"இப்ப இன்னா கடிச்சிது?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். பூசணிக்காய், பஸ், குலுக்கல் என்று எதையோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அளந்ததைப் பையில் கொட்டி, வாங்கியவரை அனுப்பினார். அவர் திட்டுவார் என்று நின்றேன்.

"நீ இன்னா செய்வே. நான்தான் பத்தரைக்குள்ளன்னு உன்ன வெரட்டனேன். அங்கயும் இங்கயும் ரெண்டு எடத்துல வெக்கிறேன்னு நீ சொன்னே. நான்தான் வாணான்னேன்."

"அப்படி இல்ல அக்கா..."

"எப்டி இல்ல? என் வாயாலதான் கெட்டுது." சுற்றிலும் கூடிவிட்ட பெண்களைப் பார்த்து, "தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்கடி. தப்பு எந்து" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். ஒரு அகராதியளவு சொற்கள் வீட்டில் இருந்தும் அந்த நேரத்துக்கு ஒன்றும் எழவில்லை என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சொல் எழாமல் இல்லை. அவர் பழியைத் தூக்கிக்கொண்டது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதுதான் உண்மை.

அன்றைக்கு மத்தியானமே பெண்கள் என் வீட்டில் கூடினார்கள். இரண்டாம் வருஷத்தை மறுபடியும் சொல்கிறோம், எழுது என்றார்கள். ஆச்சரியமாக, எல்லாம் நினைவிருந்தது. எந்த மழைக்குப் பிறகு விதைத்தார்கள், களையெடுக்கிற அன்றைக்கு யாருக்குத் தேள் கொட்டியது, எருவைத் தூக்கிப்போன பாதையில் எந்த இடத்தில் வழுக்கியது எல்லாம். நான் தட்டச்சு செய்தேன். முன்பு எழுதியதைவிட நன்றாகவே வந்தது. எழுத எழுத எனக்கு நெஞ்சு லேசானது. நான்கு பக்கம் ஆனதும், கதவருகே நின்றிருந்த தலைவி திரையை எட்டிப் பார்த்தார்.

"மேல இன்னா தேதி போட்டுக்கிற?"

"அந்தந்த நாள் தேதிதான் அக்கா."

"அன்னிக்கா எழுதுனே?"

"இல்ல. ஆனா நடந்தது அன்னிக்குத்தானே. பொய் ஒண்ணும் இல்லியே."

"நடந்தது பொய் இல்ல. அன்னிக்கி எழுதுனோம்னு சொல்றது பொய்." சத்தம் ஏறாமல்தான் பேசினார். "எங் கொழுந்தன் இன்னா சொன்னான் தெரிமா? ஒரே ஒரு மூட்டைதானே அண்ணி, போட்டுட்டு போடலன்னு எழுதுங்க, யாரு பாக்கப் போறாங்கன்னான். அவன வெளிய அனுப்பிட்டு இப்ப நான் இத எழுதவா?"

ஒரு பெண் அழுதார். அவருடைய மகளுக்கு இந்த அறுவடையை நம்பிக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தலைவி அவர் தோளைத் தொட்டாரே தவிர, சொன்னதை மாற்றவில்லை. நான்கு பக்கத்தையும் என்னை அழிக்கச் சொன்னார். அழிப்பதில் எனக்கு இருந்த அனுபவத்துக்கு அது ஒரு நொடி வேலை.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்தார். முப்பது வயது இருக்கும், நல்ல மனிதர். காலையில் கொல்லைகளைச் சுற்றினார். கதிர் வாங்கிச் சாய்ந்துகொண்டிருந்த சாமையைக் கையில் ஏந்திப் பார்த்தார், மண்ணைக் கிள்ளி முகர்ந்தார். பிறகு என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தலைவியின் நோட்டைப் புரட்டினார். இந்த வருஷத்து அச்சுத்தாள்களைப் பார்த்தார்.

"ரெண்டாவது வருஷம்?"

தலைவி எழுந்து நின்றார். புது டிஸ்க் வாங்கியது, நாள் பார்த்தது, பால் காய்ச்சியது, பத்தரைக்குள் என்று அவசரப்படுத்தியது, பழைய இடத்தில் எதுவும் வைக்க வேண்டாம் என்றது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். "தப்பு எந்து சார். இவங்க யாரும் ஒண்ணும் செய்யல."

ஆய்வாளர் சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல. படித்தவர்களுக்குத் தானாக வரும் சிரிப்பு. எனக்கும் அதே சிரிப்புதான் பழக்கம்.

"ஹார்ட் டிஸ்க்குக்கு ராகு காலமா? நீங்களாவது எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா சார்?" என்று என்னைப் பார்த்தார், நாங்கள் இருவரும் ஒரு கட்சி என்பதுபோல.

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தலைவி மட்டும் குனியவில்லை. அந்தச் சிரிப்பை நேராக வாங்கிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்தபடி என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"ராகு காலத்தால் போகவில்லை சார்" என்றேன். "புது டிஸ்க் செத்தாலும் எல்லாம் பழைய டிஸ்க்கில் மீட்கிற நிலையில்தான் இருந்தது. இவர்கள் வாசலைத் தாண்டின உடனே அதன்மேல் என் சொந்தப் புத்தகங்களைக் கொட்டினது நான். ரெண்டாவது வருஷம் அதற்கு அடியில் போய்விட்டது. சந்தையில் இதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் சொல்லவில்லை."

ஆய்வாளரின் சிரிப்பு போய்விட்டது. தலைவி என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஆய்வாளர் தாள்களை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். யார் செய்த தவறாக இருந்தாலும் அவருக்கு முன்னால் இரண்டு வருஷங்கள்தான் இருந்தன. இரண்டை இரண்டாகத்தான் எழுத முடியும், அடுத்த அறுவடை வரைக்கும் எழுதிவையுங்கள், நானே வந்து பார்க்கிறேன் என்றார். விட்டுப்போனதைப் புதிதாக எழுதிக் கொடுக்காததற்கு நன்றி என்றும் சொன்னார். நிறைய இடங்களில் அப்படித்தான் கொடுக்கிறார்களாம்.

அவர் ஜீப் போன பிறகு பெண்கள் ஒவ்வொருவராகக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மகளுக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்த பெண் என்னைத் தாண்டும்போது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். தலைவி கடைசியாக எழுந்தார். கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றார். பக்கத் தகடு இன்னும் மாட்டாமல் திறந்தே கிடந்தது.

"இதுக்குள்ளயா கீது, அந்தப் புஸ்தகமெல்லாம்?"

"ஆமா அக்கா."

"எத்தினி?"

"எண்ணல. ஆயிரத்துக்கு மேல இருக்கும்."

"படிச்சியா?"

"இல்ல."

"ஒண்ணு கூட?"

"இல்ல அக்கா."

கழன்று கிடந்த பக்கத் தகட்டை எடுத்துப் பெட்டியோடு சாத்தி வைத்தார்.

"எங்களுக்குத்தான் இன்னும் ஒரு வருஷம் இர்க்குதே. அதுக்குள்ள படிச்சிடு" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

கிண்டல் என்று நினைத்தேன். அடுத்த சந்தை நாளில் அவர் புது நீள நோட்டோடு வந்து உட்கார்ந்தார். இனிமேல் பெண்கள் சொல்வதை முதலில் அவர் நோட்டில் எழுதுவார், பிறகு அதைப் பார்த்து நான் தட்டச்சு செய்ய வேண்டும். எல்லாக் கொல்லைகளும் முடிந்த பிறகு, நோட்டை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"நீ?"

"நான் என்ன?"

"எத்தினி படிச்சே?"

எல்லோரும் காத்திருந்தார்கள். மகளுடைய பேச்சு தள்ளிப்போன அந்தப் பெண்ணும். அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒன்றுமில்லை என்றேன். தலைவி தேதி போட்டு, இடைவெளி விட்டு, என் வரியிலும் அதை எழுதிக்கொண்டார்.

அந்த வருஷச் சாமை அடிவாரத்துப் பொதுக் குவியலில்தான் போய்ச் சேர்ந்தது. கொழுந்தனுடையதும் அதே லாரியில்தான் போனது. ஏற்றுகிற அன்றைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. இப்போது அடுத்த பயிர் முழங்கால் உயரம் நிற்கிறது. ஒவ்வொரு சந்தை நாளும் என் வரி நிரம்புகிறது. இதுவரை மூன்று புத்தகம். நடுவில் ஒரு வாரம், கூச்சத்தில், நான்கு என்று சொல்லிவிட்டேன். நான்கு என்று எழுதிக்கொண்டார். வாரம் முழுக்க அந்த நான்கு என்னைத் தூங்கும் நேரம் தவிர எல்லா நேரமும் துரத்தியது. அடுத்த சந்தையில் போய், அன்றைக்கு மூன்றுதான் அக்கா என்றேன்.

அவர் பழைய பக்கத்தைத் திருப்பி, நான்கின் மேல் ஒரு கோடு போட்டு, படிக்க முடியும்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் மூன்று என்று எழுதினார். அதற்கும் பக்கத்தில், திருத்திய அந்த நாளின் தேதியைப் போட்டார்.